குடும்பத் தலைவர் குடம் தூக்குவதில்லை

தண்ணீர் குறித்த கள ஆய்வுப் படிவத்தின் முதல் கட்டத்தில் ‘குடும்பத் தலைவர் பெயர்’ என்றிருக்கும். அடுத்து உறுப்பினர் எண்ணிக்கை, நீர் ஆதாரம், நாளொன்றுக்கு எத்தனை லிட்டர். தாம்பரம், சேலையூர், செம்பாக்கம், மேடவாக்கம் பகுதிகளில் இத்தகைய ஆய்வுகளை ஒருங்கிணைக்கும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். ‘சமூகம் சார்ந்த ஆய்வு’ என்று இவற்றுக்குப் பெயர். ஒரு பகுதி காலநிலை மாற்றத்துக்கு ஏற்பத் தன்னைத் தகவமைத்துக்கொள்ள வேண்டுமானால் அங்கே வாழும் மக்களின் அறிவிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது இவற்றின் கொள்கை. கொள்கையில் எனக்கு மறுப்பில்லை. படிவத்தின் முதல் கட்டமே அந்தக் கொள்கையைத் தோற்கடித்துவிடுகிறது என்பதுதான் என் விமர்சனம்.

கதவைத் தட்டினால் வாசலுக்கு வருபவர் பெரும்பாலும் வீட்டு ஆண். “தண்ணிக்கு ஒண்ணும் பிரச்சனை இல்லைங்க, வாரத்துக்கு ரெண்டு தடவை லாரி வருது” என்பார். படிவம் நிறைந்துவிடும். அவருக்குப் பின்னால் நிற்கும் பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தால் வேறொரு கணக்கு வரும். லாரி எப்போது வரும் என்று தெரியாததால் எந்த நாளில் வேலைக்குப் போகவில்லை, மாடிக்கு எத்தனை குடம் ஏற்றினார், மோட்டார் போடும் நேரத்துக்காக வீட்டுக்காரம்மாவிடம் என்ன பேச்சு வாங்கினார், அரிசி களைந்த தண்ணீர் எங்கே போனது, துணி அலசிய தண்ணீர் எதற்கு ஆனது. இவற்றை எழுதப் படிவத்தில் இடமில்லை. கடைசியில் ‘பிற குறிப்புகள்’ என்று ஒரே ஒரு வரி உண்டு.

லிட்டரை அளப்பது எளிது. லிட்டர் வீட்டுக்குள் வந்து சேர்வதற்கு யாருடைய நேரம் செலவாகிறது என்பதை அளக்க வேண்டுமானால் ‘குடும்பம்’ என்ற அலகை உடைத்துப் பார்க்க வேண்டும். இந்தியாவில் 2019இல் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். அவ்வேலைகளில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்கள். தண்ணீர்த் தட்டுப்பாடு வரும்போது கூடுதல் சுமை இந்த இரண்டில் எதன் மேல் ஏறும் என்பதைச் சொல்லப் பெரிய ஆய்வு தேவையில்லை. ஆனால் எவ்வளவு ஏறுகிறது என்பதைச் சொல்ல ஆய்வு தேவை. அதைத்தான் நாம் செய்யாமல் இருக்கிறோம்.

சென்னையின் தண்ணீர் வரலாற்றை இந்தக் கண்ணோடு மறுபடி படிக்கலாம். 2003-04 வறட்சியில் நகரக் குழாய் விநியோகம் ஏறக்குறைய ஓராண்டு நின்றுபோனது. வீட்டுக் கிணறுகளும் தனியார் லாரிகளும்தான் நகரத்தைத் தாங்கின என்பதை வீணா ஸ்ரீனிவாசனின் ஆய்வுகள் காட்டின. முக்கியமான கண்டுபிடிப்பு அது. கிணற்றுக்கும் லாரிக்கும் அடுத்து ஒரு தாங்கல் இருந்தது. கிணற்றில் நீர் ஊறும்வரை விழித்திருந்த பெண்கள், லாரிக்குப் பின்னால் வரிசையில் நின்ற பெண்கள். 2019 ஜூனில் ஏரிகள் வற்றியபோது பழைய மகாபலிபுரம் சாலையின் மென்பொருள் நிறுவனங்கள் சில, ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னதைச் செய்தித்தாள்களில் படித்தோம். அலுவலகக் கழிப்பறைக்கு வேண்டிய தண்ணீரை அன்று வீடுகள் ஏற்றுக்கொண்டன. அதை யார் பிடித்து வைத்தார்கள் என்று எந்தச் செய்தியும் எழுதவில்லை. அடுத்த மாதம் 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து தண்ணீர் ரயில் வந்து சேர்ந்தது. ரயிலுக்கு மாலை போட்டார்கள்.

தென்புறநகரின் சிக்கல் தட்டுப்பாடு மட்டுமல்ல. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. நான்கு ஆண்டு இடைவெளியில் ஒரே மக்கள் வெள்ளத்தையும் வறட்சியையும் பார்த்தார்கள். இதற்குக் காரணம் தேடிப் போகிற எவரும் ஏரிகளிடம்தான் போய்ச் சேருவார்கள். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், சிட்லபாக்கம் ஏரிகளின் உபரி நீர் செம்பாக்கத்துக்கும், அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கும் போக வேண்டும். இந்தத் தொடர் எங்கெங்கே அறுந்தது என்பதை விஞ்ஞானிகளும் குடியிருப்புவாசிகளும் சேர்ந்து பதிவுசெய்திருக்கிறார்கள். சிட்லபாக்கம் ஏரிக்காக அங்கே வசிப்பவர்களே இயக்கமாகத் திரண்டார்கள். செம்பாக்கம் ஏரியை மீட்கும் பணியில் கேர் எர்த் அறக்கட்டளையும் சென்னை ஐஐடியும் நேச்சர் கன்சர்வன்ஸி அமைப்பும் இணைந்தன. பள்ளிக்கரணை 2022இல் ராம்சார் நிலமானது. அதற்காகப் பல ஆண்டுகள் உழைத்த ஜெயஸ்ரீ வெங்கடேசனுக்கு 2025இல் ராம்சார் விருது கிடைத்தது. இங்கே சதுப்பு நில அறிவியலின் முன்வரிசையில் ஒரு பெண் நிற்பது நமக்குச் சிறிய விஷயமல்ல.

இந்தப் பணிகள் நடந்திருக்காவிட்டால் இன்று விமர்சிக்க ஏரியே மிஞ்சியிருக்காது. ஆனால் ஏரியை அலகாகக் கொண்ட ஆய்வில் ‘சமூகம்’ என்பது யார்? நடைமுறையில் அது பெரும்பாலும் குடியிருப்போர் நலச் சங்கம். சங்கத்தில் உறுப்பினராக இருப்பவர் வீட்டு உரிமையாளர். கூட்டம் ஞாயிறு காலை. வாடகைக்கு இருப்பவர், வீட்டு வேலைக்குப் போகிறவர், கரையோரக் குடிசையில் இருப்பவர் அந்தக் கூட்டத்துக்கு வருவதில்லை. வர வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. பீனா அகர்வால் 2001இல் தெற்காசிய சமூகக் காடுகளைப் பற்றி எழுதிய கட்டுரை இதை முன்பே சொல்லிவிட்டது. கூட்டாகக் காடு காத்த குழுக்களில் பெண்கள் பெயரளவுக்கே இருந்தார்கள். குழு காட்டை மூடியபோது விறகுக்காக அதிக தூரம் நடந்தது அவர்கள்தான். பங்கேற்பு என்ற பெயரிலேயே விலக்கல் நடக்க முடியும் என்றார் அவர். விறகு இருந்த இடத்தில் தண்ணீரை வைத்துப் படித்தால் அது நம் ஊர்.

தகவமைப்பு என்ற சொல்லையும் இதே போல் சோதிக்க வேண்டும். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து அகற்றப்பட்ட ஏழைக் குடும்பங்கள் பலவற்றைப் பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்கு அனுப்பினார்கள். வெள்ள ஆபத்திலிருந்து காப்பதற்கு என்றார்கள். பெரும்பாக்கம் இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில். நகரத்துக்குள் நான்கு வீடுகளில் வேலை செய்துவந்த பெண் அந்த வேலைகளை இழந்தாள். வரைபடத்தில் ஆற்றங்கரை சீரானது. அவளுடைய நாள் சீர்குலைந்தது. நதியை மட்டும் ஆராய்கிற ஆய்வில் இதுவும் ‘வெற்றிகரமான தகவமைப்பு’ என்றே பதிவாகும்.

தமிழில் இந்தத் தரவு இல்லாமல் இல்லை. அது இலக்கியத்தில் இருக்கிறது. அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவல் 1970களின் தொடக்கத்தில் வந்தது. சென்னைத் தெரு ஒன்றின் தண்ணீர்த் தட்டுப்பாட்டை அது ஜமுனா, சாயா, டீச்சரம்மா என்ற பெண்களின் வழியாகச் சொல்கிறது. அங்கே தட்டுப்பாடு என்பது குடத்தின் எண்ணிக்கை மட்டுமல்ல. யாரிடம் கேட்கலாம், யாரிடம் கேட்டால் அவமானம், யார் சும்மா கொடுப்பார், யார் கொடுத்துவிட்டு வேறொன்றைக் கேட்பார் என்கிற கணக்கும் அதில் சேர்ந்திருக்கிறது. நாவலாசிரியர் பெண்ணியம் பேசவில்லை. தண்ணீரோடு வாழ்பவர்கள் யார் என்று பார்த்தார், அவ்வளவுதான். ஐம்பது ஆண்டுகள் கழித்தும் நம் படிவங்கள் அந்த அளவுக்குப் பார்க்கவில்லை.

உலக அளவில் சில மாற்றங்கள் வந்திருக்கின்றன. 2019இல் வெளியான வீட்டு நீர்ப் பாதுகாப்பின்மை அளவுகோலில் பன்னிரண்டு கேள்விகள் உண்டு. கடந்த நான்கு வாரங்களில் தண்ணீரைப் பற்றிக் கவலைப்பட்டீர்களா, திட்டங்களை மாற்றினீர்களா, சமையலை மாற்றினீர்களா, கோபப்பட்டீர்களா, வெட்கப்பட்டீர்களா என்று அது கேட்கிறது. அனுபவத்தை அளக்கலாம் என்று ஏற்றுக்கொண்டதே பெரிய முன்னேற்றம். பிறகு தனிநபருக்கான வடிவமும் வந்தது. ஒரே வீட்டில் இருவருக்குத் தண்ணீர் ஒரே மாதிரி இல்லை என்பதை அது ஒப்புக்கொள்கிறது. ஆனாலும் அந்தப் பன்னிரண்டில் மாதவிடாய் தனிக் கேள்வியாக இல்லை. எங்கள் பகுதியில் இந்த அளவுகோலைப் பயன்படுத்துகிறவர்கள் அதையும் வாடகை உறவையும் சேர்க்காமல் பயன்படுத்தக் கூடாது.

இனி ஆய்வு வேலையையே பார்ப்போம். கதவு கதவாகப் போவது யார்? மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். அவர்களை ‘தன்னார்வலர்’ என்கிறோம், பயணப்படி கொடுக்கிறோம், அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ‘சமூகத்துக்கு நன்றி’ என்று எழுதுகிறோம். நாடு முழுவதும் இதே ஏற்பாடுதான். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்கு நீர்ப் பரிசோதனைப் பயிற்சி தரப்படுகிறது. தண்ணீர் கெட்டிருப்பதைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு அவர்களிடம். குழாயை மாற்றும் அதிகாரம் வேறு மேசையில். 2024 டிசம்பரில் பல்லாவரம் பகுதியில் குடிநீரில் கழிவுநீர் கலந்ததாகப் புகார் எழுந்து, பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். குழாய்த் தண்ணீரின் நிறமும் வாடையும் மாறினால் முதலில் தெரிவது சமையலறையில். அந்த அறிவு நேரே பொறியாளரிடம் போய்ச் சேர வழி செய்யாத ஆய்வு, எத்தனை கூட்டம் போட்டாலும் சமூகம் சார்ந்ததல்ல.

அதனால் நான் கேட்பவை சிக்கலானவை அல்ல. ‘குடும்பத் தலைவர்’ என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, ‘இந்த வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவருபவர் யார்’ என்று எழுதுவோம், அவரிடமே பேசுவோம். லிட்டருக்குப் பக்கத்தில் நிமிடத்துக்கும் ஒரு கட்டம் வேண்டும். சொந்த வீடா, வாடகையா, மோட்டார் சுவிட்ச் யார் கையில் என்பதும் தரவுதான். கணக்கெடுக்கும் பெண்களுக்குக் கூலி கொடுப்போம்; அறிக்கையின் முதல் பக்கத்தில், அவர்கள் விரும்பினால், பெயர் போடுவோம். முடிவுகள் ஆய்விதழுக்குப் போவதற்கு முன் தெருவுக்குத் தமிழில் வர வேண்டும்.

அதற்கான மேடையும் இப்போது இருக்கிறது. 2021இல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானது. எழுபது வார்டுகள். 2022இல் பதவியேற்ற முதல் மேயர் க. வசந்தகுமாரி, பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட பதவிக்கு வந்தவர். அதே ஆண்டு நகர்ப்புறங்களில் பகுதி சபைக்கான விதிகளும் வந்தன. பகுதி சபையில் ஏரியின் கொள்ளளவைப் பற்றிப் பேச ஆட்கள் இருக்கிறார்கள். காத்திருந்த மணிகளின் கணக்கையும் அந்தப் பதிவேட்டில் ஏற்றச் சொல்வோம். ஏறிவிட்டால் அதற்கு மாநகராட்சி பதில் சொல்ல வேண்டிவரும்.