பனி உலகமும் படுக்கையருகுப் பெட்டியும்

ஒரு தொழிலிலிருந்து இன்னொரு தொழிலுக்குத் தாவுவதைப் பற்றிச் சிவகாசிக்காரர்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டிக்குப் படம் போட்ட லேபிள் வேண்டியிருந்தது. அச்சு யந்திரம் வந்தது. குச்சி மருந்தைக் கையாண்ட கைகள் மத்தாப்பு மருந்தையும் கையாண்டன, பட்டாசு வந்தது. அச்சு யந்திரம் சும்மா கிடக்குமா? காலண்டரும் டயரியும் வந்தன. ஒவ்வொரு தாவலிலும் பழைய தொழிலின் கைப்பழக்கம் புதிய தொழிலுக்கு ஒத்தாசை செய்திருப்பதைக் கவனிக்க வேண்டும். மழை பொய்க்கும் கரிசல் பூமியில் பிழைக்க வேண்டிய அவசியம் தந்த யோசனை அது.

ஜப்பானில் கியோட்டோ நகரத்து நிண்டெண்டோ ஸ்தாபனத்தின் கதையும் காகிதத்தில்தான் ஆரம்பிக்கிறது. 1889இல் புஸஜிரோ யமவுச்சி என்பவர் பூப்படம் போட்ட ஹனபுடா சீட்டுக்களைச் செய்து விற்றார். அவர் வம்சத்தில் வந்த ஹிரோஷி யமவுச்சி 1960களில் டாக்ஸி ஓட்டிப் பார்த்தார், உடனடிச் சோறு விற்றுப் பார்த்தார், இரண்டும் நிலைக்கவில்லை. பொம்மை நிலைத்தது, பிற்பாடு வீடியோ விளையாட்டு நிலைத்தது. அந்தப் பொம்மைகளில் எனக்கு மிகவும் பிடித்தது 1969இல் வந்த 'லவ் டெஸ்டர்'. ஆணும் பெண்ணும் கைகோத்துக்கொண்டு ஆளுக்கொரு குமிழைப் பிடித்தால், உடம்பில் ஓடும் துளி மின்சாரத்தை வைத்து ஒரு முள் காதலின் அளவைக் காட்டும். அதை நம்பி யாரும் கல்யாணம் செய்துகொண்டிருக்க மாட்டார்கள். ஆனால் அந்தச் சாக்கில் கையைப் பிடித்திருப்பார்கள். விளையாட்டுக்கு அது போதும்.

இதே ஸ்தாபனம் உடம்பை அளக்கும் காரியத்தை வினையாக எடுத்துக்கொண்டபோதுதான் எனக்கு ஆட்சேபம் எழுகிறது. 2007இல் வந்த 'வீ ஃபிட்' ஒரு பலகை; அதன்மேல் ஏறி நின்று ஆடலாம், சாயலாம், யோகாசனம் போடலாம். நல்ல வேடிக்கை. 2 கோடிக்கு மேல் விற்றது. ஆனால் எடையையும் உயரத்தையும் வைத்துத் தீர்ப்பும் சொல்லும். 2008இல் பிரிட்டனில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தியைப் பருமன் என்று சொல்லிவிட்டது; வீட்டில் ரகளை; ஸ்தாபனம் வருத்தம் தெரிவித்தது. நல்ல நாவலுக்கு நடுவே ஆசிரியர் எழுந்து நின்று உபதேசம் செய்கிற மாதிரிதான் இது. ஆடிக்கொண்டிருந்தவளை நிறுத்தி நிலுவைக் கணக்குக் கேட்டால் ஆட்டம் எங்கே போகும்?

அதோடு விடவில்லை. 2009இல் விரலில் மாட்டிக்கொண்டு நாடியைப் பார்க்கும் கருவி ஒன்றை மேடையில் காட்டினார்கள்; அது கடைக்கு வரவே இல்லை. 2014 ஜனவரியில் தலைவர் ஸடோரு இவாடா, வாழ்க்கையின் தரத்தை உயர்த்துவதே பத்தாண்டுத் திட்டம், அதில் முதல் விஷயம் ஆரோக்கியம் என்று அறிவித்தார். அதே வருஷம் அக்டோபரில் 'ரெஸ்மெட்' என்ற மருத்துவக் கருவி ஸ்தாபனத்துடன் சேர்ந்து விவரம் வெளியிட்டார். படுக்கை அருகே ஒரு பெட்டி. உடம்பில் மாட்ட வேண்டாம், தொட வேண்டாம், இயக்க வேண்டாம், காத்திருக்க வேண்டாம், பொருத்தவும் வேண்டாம். ரேடியோ அலையால் தூக்கத்தையும் களைப்பையும் அதுவே அளந்துகொள்ளும்.

ஐந்து 'வேண்டாம்'களையும் படித்தபோது, இத்தனையும் வேண்டாமென்றால் மனுஷன் எதற்கு என்று எனக்குத் தோன்றியது. விளையாடுகிறவனுக்கு அங்கே வேலையே இல்லை. ஆனாலும் இதைக் கேலி செய்ய மனம் வரவில்லை. அந்த 2014 ஜூனில்தான் இவாடாவுக்கு அறுவை சிகிச்சை நடந்திருந்தது. 2015 ஜூலை 11இல், 55 வயதில், பித்தநாளக் கட்டியால் காலமானார். பிறகு வந்த தலைவர், பொருளாக வெளியிடும் நிலையை அது எட்டவில்லை என்று 2016இல் சொல்லிவிட்டார். 2024இல் நிண்டெண்டோ ஒரு கடிகாரத்தை விற்க ஆரம்பித்தது. படுத்திருப்பவர் புரள்வதை ரேடியோ அலையால் உணர்ந்து, எழுந்தவுடன் மணியை நிறுத்துகிறது. வைத்தியராகப் புறப்பட்டவர் சேவலாகத் திரும்பி வந்தார் என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இதற்கு நேர் எதிராக ஒன்று நடந்திருக்கிறது. அமெரிக்காவில் ஸியாட்டில் நகரத்தில் ஹண்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்ஸன் என்ற இருவர், தீக்காயம் பட்டவர்களுக்குக் கட்டு மாற்றும்போது கண்ணில் ஒரு திரைக் கவசத்தை மாட்டி மாய உலகத்துக்குள் அனுப்பிப் பார்த்தார்கள். 2000ஆம் ஆண்டு வெளிவந்த அவர்களுடைய ஆய்வில் நோயாளிகள் இரண்டு பையன்கள். மாய உலகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க அவர்கள் கையில் கொடுத்தது, வேறெதுவுமில்லை, ஒரு நிண்டெண்டோ விளையாட்டு! மாய உலகம்தான் அதிகமாக வலியைக் குறைத்தது. பிறகு 'ஸ்னோவேர்ல்ட்' என்று ஒன்றைச் செய்தார்கள். பனிப் பள்ளத்தாக்கில் மெல்ல மிதந்து போகலாம். பனி மனிதர்கள் மீதும் பெங்குவின்கள் மீதும் பனி உருண்டை எறியலாம். யாருடைய எடையையும் அது கேட்பதில்லை. வலியை உணரக்கூடக் கொஞ்சம் கவனம் வேண்டும். அந்தக் கவனத்தை விளையாட்டு வாங்கிக்கொள்கிறது. மருந்தோடு கூட இதுவும் என்றுதான் வைத்தார்கள். மருந்துக்குப் பதிலாக என்று சொல்லவில்லை. கதையில் மூழ்கியவருக்குக் காபி ஆறிப்போனது தெரியாது. நாவல் வாசகர்களுக்கு இதை நான் விளக்க வேண்டுமா?

இதை நினைக்கும்போது எனக்குச் சிவகாசி அரசு ஆஸ்பத்திரியின் தீக்காயப் பகுதிதான் முன்னே வருகிறது. 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் முப்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 2025 ஜூலை 1இல் சின்னக்காமன்பட்டியில் மேலும் பலர். பத்திரிகைகள் இறந்தவர்களை எண்ணிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகின்றன. பிழைத்தவர்களுக்கு நாள்தோறும் கட்டுப் பிரிக்கிற வேளை ஒன்று இருக்கிறது. அதை யாரும் எண்ணுவதில்லை. 2022இல் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. தூங்குகிறவர்களின் களைப்பை அளக்கப் பெரிய ஸ்தாபனங்கள் செலவழித்த மூளையில் ஒரு பங்கை இந்தப் பக்கம் திருப்பக் கூடாதா?

அப்படித் திருப்புவதானால் பனி வேண்டாம். சாத்தூர்ப் பெண்ணுக்குப் பனிமலை தெரியாது, பெங்குவினும் தெரியாது. ஐப்பசி அடைமழையில் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்கிற சத்தம் தெரியும். முழங்கால் தண்ணீரில் நின்று துண்டை விரித்துக் கெண்டை பிடிக்கத் தெரியும். துண்டில் எத்தனை மீன் விழுந்தது என்பதை மட்டும் கணக்கு வைத்துக்கொள்ளட்டும்.