தோட்ட எல்லையும் உள்ளூராட்சியும்

நகரத் தலைமை ஏற்றத்தாழ்வை எவ்வாறு எதிர்கொள்கின்றது என்ற வினா எழும்போது மாநகர முதல்வர்களே நினைவுக்கு வருவர். 1954இல் கொழும்பு மாநகர முதல்வரான என். எம். பெரேராவின் கொள்கைகளை ஏற்கலாம், மறுக்கலாம். ஆயின் சேரியும் மாளிகையும் ஒருங்கே அவரது அதிகார எல்லைக்குள் இருந்தன. நுவரெலியாவை அடுத்த கந்தப்பளையில் நிலைமை வேறு. அங்கே கடைத்தெருவிலிருந்து தேயிலை மலைக்குள் திரும்பும் இடத்திலேயே உள்ளூராட்சி நின்றுவிட்டது.

இவ்வெல்லை நேற்று வரையப்பட்டதன்று. 1937இல் கிராமச் சபை வாக்குரிமையிலிருந்து இந்தியத் தோட்டத் தொழிலாளரை விலக்கும் திருத்தம் வந்து, எதிர்ப்பு எழுந்தபோது, இனச்சுட்டு நீக்கப்பட்டுத் தோட்டவாசம் என்பதே விலக்குக்குக் காரணமாக்கப்பட்டது. பெயர் மறைந்தது, வேலி மறையவில்லை. அதே வேலியை 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்திலும் காணலாம். அதன் 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிட இடமளிக்கவில்லை. தோட்டம் தனியார் உடைமை என்பது கூறப்பட்ட நியாயம். 1972, 1975ஆம் ஆண்டுச் சட்டங்களால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாகிவிட்டன; 1992இல் கம்பனிகளிடம் சென்றது நிருவாகமேயன்றி நிலவுடைமையன்று. ஆகவே அந்நியாயம் வலுவற்றது. லயத்தில் வாழ்பவர் வாக்களித்துத் தவிசாளரைத் தெரிவுசெய்யலாம். அத்தவிசாளரால் அந்த லயத்துப் பாதைக்கு ஒரு விளக்கிட இயலாதிருந்தது. விந்தையான மக்களாட்சிதான்!

மலையகத் தலைமையின் பொறுப்பையும் இங்கு விசாரித்தல் வேண்டும். 1978 முதல் அமைச்சரவையில் இருந்த சௌமியமூர்த்தி தொண்டமான் குடியுரிமைப் போராட்டத்தில் ஆற்றிய பணி மறுக்கவொண்ணாதது. எனினும் இச்சட்டம் நிறைவேறியபோதும் அவர் அமைச்சரே. சபைக்கு அதிகாரமில்லாத இடத்தில் பாதையும் குடிநீரும் அமைச்சர்களின் நிதியொதுக்கீட்டால் வந்தன. உரிமையாகக் கேட்கவேண்டியது கொடையாக வந்தமையால், கொடுத்தவரின் பெயர்ப்பலகை பாதைக்கு முன்னரே நடப்பட்டது. இவ்வேற்பாடு தொழிற்சங்க அரசியலுக்கு வசதியாகவே இருந்தது என்று கொள்வதில் தவறில்லை.

2018இல் 33ஆம் பிரிவு திருத்தப்பட்டது. நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகள் பிரிக்கப்பட்டுக் கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா ஆகியன தனிச் சபைகளாயின. முன்னேற்றமே. ஆயினும் தோட்ட நிருவாகத்துடன் கலந்தாலோசித்தே சபை பணியாற்றலாம் என்ற வரையறை எஞ்சியுள்ளது. கந்தப்பளையில் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1990களில் உல்லாச விடுதியாக மாறியது. பயணிகள் அங்கு செல்லும் வழியில் லயங்களைக் காண்கின்றனர். அவற்றின் வடிகாலுக்குப் பொறுப்பாளர் சபையா, கம்பனியா என்பது இன்னும் பேச்சுவார்த்தைக்குரிய விடயமாகவே உள்ளது.