ஓய்வு நேரம் யாருடையது?

பெண்கள் பத்திரிகைகளின் கைவினைப் பக்கத்துக்கு ஒரு நிலையான வடிவம் உண்டு. முதலில் 'தேவையான பொருட்கள்': பழைய புடவை, கத்தரிக்கோல், ஊசி, நூல், லேஸ். அடுத்து 'செய்முறை'. கடைசியில் முடிந்த பொருளின் படம்: தலையணை உறை, துணிப்பை, தோழியின் கல்யாணத்துக்குக் கொடுக்க ஒரு சுருக்குப்பை. தலைப்பிலோ முதல் வரியிலோ 'ஓய்வு நேரத்தில்' என்ற சொல் வந்துவிடும். பொருட்களின் பட்டியலில் நேரம் மட்டும் இருக்காது. பையைத் தைக்க எத்தனை மணி நேரம் ஆகும், அதுவரை அடுப்பையும் குழந்தையையும் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதை அந்தப் பக்கம் சொல்வதில்லை. ஓய்வு நேரம் எல்லாப் பெண்களிடமும் தானாகவே இருக்கிறது என்பது அதன் நம்பிக்கை.

இதே பக்கத்தை ஆம்பூரில் வைத்து வாசித்தால் அந்தச் சொல் வேறு மாதிரி ஒலிக்கிறது. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என வேலூரைச் சுற்றியுள்ள தோல் வட்டாரத்தில் காலையில் ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்களை எல்லோருக்கும் தெரியும். வீட்டிலிருந்தே ஷூ தைக்கும் பெண்களை அவ்வளவாகத் தெரியாது. வெட்டித் துளையிட்ட தோல் துண்டுகள் ஏஜென்ட் மூலம் வீட்டுக்கு வருகின்றன. வாசற்படியில், வெளிச்சம் விழும் இடத்தில் உட்கார்ந்து, தடித்த ஊசியால் ஷூவின் மேல்பாகத்தை, அதாவது 'அப்பரை', கையாலேயே தைக்கிறார்கள். கூலி ஜோடிக்கு இவ்வளவு என்ற கணக்கில். சிவிடெப் என்ற பெங்களூரு அமைப்பும் பிரிட்டனின் ஹோம்வொர்க்கர்ஸ் வேர்ல்ட்வைட், லேபர் பிஹைண்ட் த லேபிள் அமைப்புகளும் 2016-இல் இவர்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டன. அப்போது ஒரு ஜோடிக்குக் கிடைத்த கூலி ஏறக்குறைய பத்து ரூபாய், பலருக்கு அதற்கும் குறைவு. அதே ஷூ பிரிட்டன் கடைகளில் பல ஆயிரம் ரூபாய்க்கு விற்றது.

இந்த வேலைக்கு ஊரில் என்ன பெயர்? 'சும்மா இருக்கிற நேரத்தில் செய்கிற வேலை.' ஏஜென்ட் இப்படிச் சொல்கிறார், வீட்டு ஆண்கள் சொல்கிறார்கள், கேட்டால் தைக்கும் பெண்ணே பல நேரம் அப்படித்தான் சொல்கிறாள். கைவினைப் பக்கத்தின் 'ஓய்வு நேரத்தில்' இங்கே கூலி நிர்ணயமாக மாறிவிடுகிறது. ஓய்வில் செய்வதற்கு எதற்கு முழுக் கூலி? புருஷன் சம்பாதிக்கிறான், இவளுடையது கைச்செலவுக்கு. முதுகுவலி, கண்ணெரிச்சல், ஊசி குத்திய விரல் எதற்கும் இந்தக் கணக்கில் இடமில்லை.

மரியா மீஸ் இதை முன்பே எழுதிவிட்டார். ஆந்திராவின் நரசாப்பூரில் லேஸ் பின்னும் பெண்களைப் பற்றிய அவருடைய புத்தகம் 1982-இல் வந்தது. உலகச் சந்தைக்குச் சரக்கு செய்யும் பெண்களை 'வீட்டில் உட்கார்ந்திருக்கும் இல்லத்தரசிகள்' என்று அழைப்பதுதான் அந்தத் தொழிலின் லாபத்துக்கு அடிப்படை என்று அவர் காட்டினார். 'இல்லத்தரசி' என்ற சொல்லையே ஒரு பொருளாதார ஏற்பாடாக வாசிக்கக் கற்றுக்கொடுத்தது அந்தப் புத்தகம். நரசாப்பூரை எடுத்துவிட்டு ஆம்பூரைப் போட்டாலும், லேஸுக்குப் பதில் தோலைப் போட்டாலும், அந்த வாதம் பெரும்பாலும் அப்படியே நிற்கிறது.

ரோசிகா பார்க்கர் 1984-இல் எழுதிய புத்தகம் வேறு திசையில் போகிறது. எம்பிராய்டரி பெண்ணை அடக்கமானவளாகப் பழக்கியது, அதே ஊசியால் பெண்கள் தங்கள் எதிர்ப்பையும் தைத்தார்கள் என்பது அவர் கட்சி. நம் மாணவிகளுக்கு இந்தப் புத்தகம் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் இந்த வாசிப்புக்கு ஒரு முன்நிபந்தனை தேவைப்படுகிறது: துணியில் என்ன தைப்பது என்பதில் பெண்ணுக்குக் கொஞ்சமாவது இடம் இருக்க வேண்டும். ஆம்பூர்ப் பெண்ணின் கைக்கு வரும் தோலில் துளைகள் ஏற்கெனவே போடப்பட்டிருக்கின்றன. தையல் ஒரு துளை தப்பினால் அந்த ஜோடி ரிஜெக்ட். அவள் கையின் அடையாளம் தெரியாமல் இருப்பதுதான் அங்கே தரம். ஊசி பிடித்த கையெல்லாம் எதிர்ப்பின் கை என்று கொண்டாடுவதற்கு முன்னால், அந்த ஊசியையும் தோலையும் யார் கொடுத்தார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. 'கையால் தைத்தது' என்ற சொல் கடையில் ஷூவின் விலையை ஏற்றுகிறது. அதே கை வீட்டில் இருப்பதால் கூலி இறங்குகிறது. கைத்தையலின் மதிப்பு முழுவதும் பிராண்டுக்குப் போய்ச் சேர, கைக்கு உரியவள் பெயரில்லாமல் நிற்கிறாள்.

சாதியையும் சேர்த்தே பேச வேண்டும். துணியில் பூ தைப்பது 'குடும்பப் பெண்ணுக்கு அழகு'. தோலைத் தொடும் வேலையை நம் சமூகம் ஒருநாளும் அந்த வரிசையில் வைத்ததில்லை. வீடுகளில் அப்பர் தைப்பவர்களில் தலித், முஸ்லிம் பெண்கள் அதிகம். பத்திரிகைகளின் 'கைவினை' என்ற சொல் வசதியாகத் துணியோடு நின்றுவிடுகிறது. ஊசியும் நூலும் பொறுமையும் ஒன்றுதான். ஒன்று கலை, மற்றது கூலிக்குக்கூடத் தகுதியில்லாத 'கைவேலை'.

வீட்டுக்குள் நடக்கும் வேலையைச் சட்டத்தால் பார்க்க முடியாது என்று யாராவது சொன்னால் குடியாத்தம் பக்கம் கையைக் காட்டலாம். அங்கே வீட்டில் பீடி சுற்றும் பெண்ணை 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் தொழிலாளி என்றே ஏற்றது. வருங்கால வைப்பு நிதி அவளுக்கும் உண்டு என்று உச்சநீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. சட்டம் நடைமுறையில் எவ்வளவு தூரம் போகிறது என்பது தனிச் சண்டை. சண்டை போட ஒரு பிடி அவளுக்கு இருக்கிறது. அப்பர் தைப்பவளுக்கு அப்படித் தனியாக ஒரு சட்டம் இல்லை. வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 177-ஆவது ஒப்பந்தம் 1996-இல் நிறைவேறியது. அதற்காகப் பாடுபட்டதில் அகமதாபாத்தின் சேவா அமைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. இந்தியா இன்றுவரை அதில் கையெழுத்திட்டு ஏற்கவில்லை.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, தைக்காதீர்கள் என்று முடிக்க எனக்கு மனமில்லை. பழைய புடவையில் மகளுக்கு ஒரு பை தைப்பதில் இருக்கும் சந்தோஷம் உண்மையானது. மீஸைப் படிக்கும்போது எனக்கிருக்கும் ஒரே குறை, இந்தச் சந்தோஷத்துக்கு அங்கே இடம் குறைவு என்பதுதான். அந்தப் பை யாருக்கு என்பதை அவளே முடிவு செய்கிறாள். கை வலித்தால் நாளைக்கு என்று வைத்துவிடலாம். அதை வாங்கிக்கொள்பவளுக்குத் தைத்தவளின் பெயர் தெரியும். ஆம்பூர் வாசற்படியில் இல்லாதவை இந்த மூன்றும். ஆனால் நம் ஓய்வையும் அளந்துதான் ஆக வேண்டும். பண்டிகைக்கு முந்தைய வாரம், எல்லா வேலையும் முடித்து இரவு பதினோரு மணிக்கு மேல் தைத்த அன்பளிப்பை 'ஓய்வில் செய்தது' என்று நாமே சொல்லும்போது, ஏஜென்ட்டின் சொல்லுக்கு நாமும் சாட்சி சொல்கிறோம்.

ஆகவே கைவினைப் பக்கம் நடத்துபவர்களிடம் ஒரு சின்னக் கோரிக்கை. தேவையான பொருட்களின் பட்டியலில் முதல் வரியாக நேரத்தை எழுதுங்கள்: ஒரு சுருக்குப்பை, மூன்று மணி நேரம். பத்திரிகையை மூடியபின் ஒரு ஜோடி ஷூவுக்கும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்க வாசிக்கிறவளுக்குத் தெரியும்.