கூவினால் போதுமா?

நம் கதைகளில் ரயில் வராத கதை அபூர்வம். பிரிவு என்று வந்துவிட்டால் நீராவி எஞ்சின் கூவியாக வேண்டும். ஜன்னலோரம் ஒருத்தி கண்ணைத் துடைத்தாக வேண்டும். இந்தக் குற்றத்தை நானும் செய்திருக்கிறேன். எங்கள் பனவடலிசத்திரத்தில் ரயில் கிடையாது. சங்கரன்கோவிலுக்குப் போய்த்தான் ஏற வேண்டும். பிளாட்பாரத்தில் நின்று பார்த்த அளவுதான் என் ரயில் ஞானம்.

என் கதை ஒன்றில் டிரைவர் விடியற்காலையில் வருகிறார், எஞ்சினைப் பற்ற வைக்கிறார், உடனே கிளப்பிக்கொண்டு போய்விடுகிறார். ஓய்வுபெற்ற பயர்மேன் ஒருவர் கார்டு எழுதினார்: "தம்பி, பாய்லர் என்ன காப்பிப் பாத்திரமா?"

அவரைத் தேடிப் போனேன். ஆறிக் கிடக்கும் பாய்லரில் ஆவி கட்டப் பல மணி நேரம் வேண்டும். அவசரப்பட்டால் இரும்பு ஒரே சீராக விரியாமல் இணைப்புகள் கசியும் என்றார். ஓடும்போது பயர்மேனின் கண் நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயைவிட்டு அகலக் கூடாது. நெருப்பறையின் கூரையைத் தண்ணீர் எப்போதும் மூடியிருக்க வேண்டும். இறங்கினால் கூரை பழுத்து, பாய்லரே வெடித்துவிடலாம். ஏற்றம் வருமுன்பே நெருப்பைத் தயார் செய்ய வேண்டும். ஏறும்போது யோசித்துப் பயனில்லை.

மறுவாரம் ஒரு ரயில் காட்சிசாலைக்குப் போனேன். புது வர்ணத்தோடு எஞ்சின் நின்றது. பலகையில் வருஷமும் கம்பெனியும் எடையும் இருந்தன. அதில் வெந்தவனைப் பற்றி ஒரு வரி இல்லை. என் கதையேதான் அங்கே நின்றுகொண்டிருந்தது!

ஓட்டிக் காப்பாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். 1855-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்து, 1909-ல் ஓய்வு பெற்ற ஈ.ஐ.ஆர். 21 எஞ்சினைப் பெரம்பூர் தொழிற்சாலையில் செப்பனிட்டு 2010-ல் மறுபடி ஓட வைத்தார்கள். கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை, பன்னிரண்டடிக்கு ஓரடி ஏறும் பல்சக்கரப் பாதையில், நீராவி எஞ்சின் இன்றும் பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. அங்கெல்லாம் ஒருவன் மற்றொருவனுக்குத் தொழிலைச் சொல்லிக் கொடுத்தாக வேண்டும். அந்தக் கைப்பழக்கத்தை எந்தப் பலகையில் எழுதி வைக்க முடியும்?

கதையைத் திருத்தினேன். கூவலை எடுத்துவிட்டு, நடுநிசியில் எழுந்து வரும் பயர்மேனை வைத்தேன். கண்ணாடிக் குழாய், நெருப்பறை, ஏற்றம், ஒன்றையும் விடவில்லை. பெருமையோடு பெரியவரிடம் கொடுத்தேன்.

நிதானமாகப் படித்து முடித்தார். "கரியை ஒரேயடியா அள்ளிப் போட்டுட்டீங்க, தம்பி. புகைதான் ஜாஸ்தி" என்றார்.

இதைவிட நல்ல விமர்சனம் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.