நாலு துளை, நாலு மருந்து

கர்ப்பப்பையை எடுக்கவோ சினைப்பைக் கட்டியை அகற்றவோ தென்காசிப் பக்கத்துப் பெண்ணிடம் லேப்ராஸ்கோப்பி பற்றிச் சொல்லும்போது முதலில் வரும் வாக்குறுதி, "சின்னத் துளைதான், சீக்கிரம் வீட்டுக்குப் போயிரலாம்" என்பது. துளை சின்னதுதான். வலியோ மூன்று இடத்திலிருந்து வருகிறது: துளையிட்ட தோலும் தசையும், உறுப்பை அறுத்தெடுத்த உள்ளிடம், வயிற்றை உப்பவைத்த கரியமில வாயு உறுத்திய உதரவிதானம். மூன்றாவது வலி தோள்பட்டையில் தெரியும். இரண்டு இடத்து நரம்புகளும் கழுத்துத் தண்டுவடத்தின் ஒரே பகுதியில் சேர்வதே காரணம். வாயுப்பிடிப்பு என்று வீட்டில் தைலம் தேய்ப்பார்கள். இதமாக இருக்கும், ஆனால் வலியின் மூலம் தோளில் இல்லை.

மூலம் வெவ்வேறு என்றால் மருந்தும் வெவ்வேறு வழியில் போகவேண்டும் என்பதே பல்முனை வலிநிவாரணம். டென்மார்க்கின் ஹென்ரிக் கெஹ்லெட்டும் யோர்கன் டாலும் 1993-ல் எழுதிய கட்டுரை இதற்குத் தெளிவான வடிவம் தந்தது. துளைகளைச் சுற்றி மரப்பு மருந்து, பாராசிட்டமால், டைக்ளோஃபெனாக் போன்ற அழற்சி அடக்கி ஒன்று, மயக்கம் கொடுக்கும்போதே ஒருமுறை டெக்ஸாமெதசோன்: இந்த நாலும் சேர்ந்தால் மார்ஃபின் வகை மருந்தின் தேவை குறைகிறது. அதோடு வாந்தி, கிறக்கம், மலச்சிக்கல் எல்லாம் குறையும். தையல் போடுமுன் வாயுவை முழுக்க வெளியேற்றுவதும் சிகிச்சைதான். அதற்குத் தனிச் செலவே இல்லை.

முறையின் பலவீனம், 'பல' என்பதை எண்ணிக்கையாகப் படிக்கும்போது தொடங்குகிறது. கபாபென்டின், பிரிகாபாலின் மாத்திரைகளை வழக்கமாகச் சேர்த்த காலம் உண்டு. 2020-ல் வெளிவந்த பெரிய தொகுப்பாய்வு, அவற்றால் நோயாளி உணரும் அளவுக்கு வலி குறையவில்லை, தலைச்சுற்றல் கூடுகிறது என்று காட்டியது. மரப்பு மருந்தின் பயனும் சில மணி நேரமே. ஆய்வு முடிவுகள் ஒரே குரலில் இல்லை. வயிற்றுச் சுவர் நரம்புகளை ஸ்கேன் பார்த்து மரக்கவைக்கும் ஊசிக்குப் பயிற்சி பெற்ற மயக்க மருத்துவர் வேண்டும். கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஸ்கேன் கருவியைப் பதிவு செய்யவும் வேண்டும். சிறிய ஊரில் இது லேசான காரியமல்ல.

பெரிய ஓட்டை டிஸ்சார்ஜுக்குப் பிறகுதான். பாலித்தீன் கவரில் பாராசிட்டமால் ஓர் அட்டை, அசிக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் கலந்தது இன்னோர் அட்டை. வலி விடாவிட்டால் மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக். பார்க்க மூன்று மருந்து. உண்மையில் பாராசிட்டமால் இரட்டிப்பு, அழற்சி அடக்கியும் இரட்டிப்பு. வலி அதே அளவில் நிற்க, வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கெடுதியும்தான் கூடும். அசிக்ளோஃபெனாக் 50 மில்லிகிராமும் பாராசிட்டமால் 125 மில்லிகிராமும் சேர்ந்த மாத்திரையை மத்திய அரசு 2024 ஆகஸ்டில் தடைசெய்தது. மற்ற அளவுக் கலவைகள் கடையில் இருக்கின்றன.

அளவிலும் இதே அசட்டை. 40 கிலோ பெண்ணுக்குப் பாராசிட்டமால், கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கில், ஒரு வேளைக்கு 600 மில்லிகிராம். எல்லாருக்கும் ஒரு கிராம் என்று எழுதுவது தவறு.

வலியைக் கேட்கும் விதமும் மாறவேண்டும். கட்டிலில் படுத்திருப்பவரிடம் கேட்டால் "பரவாயில்ல டாக்டர்" என்றுதான் பதில் வரும். இந்த மாவட்டத்தில் பீடி சுற்றும் பெண்கள் ஏராளம். தட்டை மடியில் வைத்துக் குனிந்து உட்கார்ந்தால் எப்படி இருக்கும், இருமினால் எப்படி என்று கேட்டால்தான் உண்மை தெரியும்.

நன்றாக அடங்கிய வலிக்கும் ஓர் ஆபத்து உண்டு. வலி இல்லை என்பதால் புண் ஆறிவிட்டதாக நினைத்துச் சீசனில் குற்றால அருவிக்குக் கீழே போய் நிற்கத் தோன்றும். அதைவிடக் கவலைக்குரியது, நாளுக்கு நாள் குறையவேண்டிய வலி கூடுவது. காய்ச்சலும் வயிற்று உப்பலும் சேர்ந்தால் குடலில் காயமா என்று உடனே பார்க்கவேண்டும். அங்கே மாத்திரையைக் கூட்டுவது நோயை மூடிவைக்கும்.

ஆகவே முறை சரி; அதைப் பட்டியலாக்கியதுதான் பிழை. மேலே சொன்ன நாலும் வாயு வெளியேற்றமும், உடம்புக்கு ஒவ்வாதவற்றை விலக்கிய பிறகு, அடித்தளமாகப் போதும். ஐந்தாவது மருந்தை எழுதும் மருத்துவர், அது எந்த வலிக்கு என்று சொல்ல முடியவேண்டும். சொல்ல முடியாவிட்டால் அந்த மருந்து வேண்டாம்.