மூவாயிரம் ரூபாய் பிரஷும் மலை ஈரமும்

ஐப்பசி முகூர்த்த மாதம். பழனி மலைத்தொடரில் வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும் மாதமும் அதுவே. கொடைக்கானல் ஏரிக்கரையிலோ பைன் காட்டிலோ கல்யாணத்துக்கு முந்திய போட்டோ ஷூட், சில நாள் கழித்துப் பழனி அடிவாரத்து மண்டபத்தில் மாலை வரவேற்பு, விடிந்தால் முகூர்த்தம் என்று இந்த வட்டாரத்துக் கல்யாணங்கள் பல இப்போது இரண்டு தட்பவெப்பங்களில் நடக்கின்றன. ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் குளிரில் நடுங்கியபடி போஸ் கொடுத்த பெண், சுமார் 65 கிலோமீட்டர் மலைப்பாதை இறங்கி வந்து மண்டபத்து விளக்குச் சூட்டில் வியர்த்து நிற்கிறாள். இரண்டு இடத்திலும் அவள் முகத்தில் வேலை செய்வது ஒரே மேக்கப் பெட்டி. அந்தப் பெட்டியில் 300 ரூபாய்க்குப் பன்னிரண்டு பிரஷ் அடங்கிய செட் இருக்கலாம். ஒன்றே 3,000 ரூபாய் விலையுள்ள பிரஷும் இருக்கலாம். ஒன்றுக்கு 25 ரூபாய், மற்றதற்கு 3,000: நூற்றிருபது மடங்கு. இந்த வித்தியாசம் முகத்தில் தெரிகிறதா? ஓரளவு வரை தெரிகிறது. ஆனால் அந்த அளவு பலர் நினைப்பதைவிடச் சீக்கிரமே முடிந்துவிடுகிறது என்பதும், அதற்கு மேல் கொடுக்கும் பணத்துக்கு, குறிப்பாக ஈரம் காயாத மலைப்பகுதியில், இதைவிட நல்ல உபயோகம் இருக்கிறது என்பதும் என் கருத்து.

முதலில் விலை கூடிய பிரஷுக்கு உரிய நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். பிரஷ் என்பது முடி, அதை இறுக்கிப் பிடிக்கும் உலோக வளையம், கைப்பிடி ஆகிய மூன்றும் சேர்ந்தது. தரம் பெரும்பாலும் முதல் இரண்டில்தான் இருக்கிறது. மலிவான செட்டுகளில் இழைகளைக் கட்டாகச் சேர்த்து, குமிழ் வடிவம் வருவதற்காக நுனியைக் கத்தரித்துவிடுகிறார்கள். வெட்டுப்பட்ட நுனி மொட்டையாக இருக்கும். கன்னத்தில் ஒருமுறை இழுத்தாலே உறுத்தும். நல்ல பிரஷில் ஒவ்வோர் இழையும் நுனி நோக்கி மெலிந்துகொண்டே போகும். ஜப்பானின் ஹிரோஷிமா பகுதியில் உள்ள குமானோ ஊர் இந்தத் தொழிலுக்கே பேர்போனது. அங்கே இயல்பான நுனியை வெட்டுவதில்லை. முடிக்கற்றையைத் தட்டித்தட்டி நுனிகளை ஒழுங்காக்கி, தலைகீழாகக் கிடக்கும் முடியையும் நுனி சேதமான முடியையும் சிறு கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நீக்குகிறார்கள். பிரஷின் வடிவம் வெட்டுவதால் அல்ல, அடுக்குவதால் வருகிறது. 2011இல் மகளிர் உலகக் கோப்பைக் கால்பந்தை வென்ற ஜப்பானிய அணிக்கு அந்நாட்டு அரசு மக்கள் கௌரவ விருது கொடுத்தபோது வீராங்கனைகளுக்குக் குமானோ மேக்கப் பிரஷ்களையும் பரிசாகத் தந்தது. அந்த அளவுக்கு அது மதிக்கப்படும் கைவேலை. இந்த மென்மை வீண் ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியாது. தை மாதக் குளிரில் கொடைக்கானலில் தோல் வறண்டு மெல்லிய செதில் விடும். அதன்மேல் மொட்டை நுனி பிரஷை ஓட்டினால் செதில் எழும்பி, போட்ட ஃபவுண்டேஷன் திட்டுத் திட்டாக நிற்கும். படம் எடுப்பவர் கிட்டத்தில் வந்ததும் அது தெரிந்துவிடும். ஆக, 25 ரூபாய் பிரஷ் சிக்கனமல்ல. அது வேலையைக் கெடுக்கும் கருவி.

ஆனால் 25 ரூபாய் பிரஷைவிட 3,000 ரூபாய் பிரஷ் மேல் என்று நிரூபித்தால், 400 ரூபாய் பிரஷைவிட அது மேல் என்று நிரூபித்ததாக ஆகாது. பெரும்பாலான வாதங்கள் சறுக்குவது இங்கேதான். ஆட்டு முடி, அணில் முடி போன்றவற்றின் மேல் நுண்ணிய செதில் அமைப்பு உண்டு. அது பவுடரைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். அதனால் உலர்ந்த பவுடருக்கும் பிளஷுக்கும் இயற்கை முடியே உசத்தி என்ற பேச்சு ஒரு காலத்தில் சரியாகவே இருந்தது. இன்றைய மணப்பெண் மேக்கப் அடியிலிருந்தே திரவத்தையும் கிரீமையும் நம்பியிருக்கிறது. அவற்றை இயற்கை முடி உறிஞ்சிக்கொள்கிறது. வழவழப்பான செயற்கை இழை உறிஞ்சுவதில்லை, எடுத்ததை முகத்திலேயே விடுகிறது. குளிரில் கெட்டிப்பட்ட கிரீமைப் பரப்ப, அடர்ந்த செயற்கை பிரஷின் விறைப்பு கூடுதல் உதவி. செயற்கை இழையின் நுனியையும் இப்போது மெலிதாக்கி விடுகிறார்கள். மேக் (MAC) அழகுசாதன நிறுவனத்தின் புகழ்பெற்ற கண் பிரஷ் எண் 217. ஆட்டு முடியில் இருந்த அதை நிறுவனமே செயற்கை இழைக்கு மாற்றி 217எஸ் என்று விற்கிறது. தொழில்முறைக் கலைஞர்கள் அதை ஒதுக்கிவிடவில்லை. விலைக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட முடியே போன பிறகும் அது மலிவு பிரஷ் ஆகிவிடவில்லை என்பதை வாங்குபவர் யோசிக்க வேண்டும். நடுத்தர விலையில் ஒரு நல்ல செயற்கை பிரஷ் 400, 500 ரூபாய்க்குள் கிடைத்துவிடுகிறது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வோர் ஆயிரமும் மென்மையில் கூட்டுவது கொஞ்சம், பெயரில் கூட்டுவது நிறைய.

ஈரத்துக்கு வருகிறேன். என் வாதம் முழுக்க இதன்மேல்தான் நிற்கிறது. பிரஷ் தொடுவது தோலை; தோலின் எண்ணெயும் வியர்வையும் கிரீமும் அதில் தங்கும். அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகம் வீட்டில் ஒருவரே உபயோகிக்கும் பிரஷைக்கூட ஏழிலிருந்து பத்து நாளுக்கு ஒருமுறை கழுவச் சொல்கிறது. இங்கிலாந்தின் ஆஸ்டன் பல்கலைக்கழகம் 2019இல் வெளியிட்ட ஆய்வில், உபயோகத்தில் இருந்த மேக்கப் பொருள்களில் பத்துக்கு ஒன்பதில் கிருமிகள் இருந்தன. மிக மோசம், ஈரத்தோடு எடுத்து வைக்கப்படும் ஸ்பாஞ்சுகள். அவற்றில் 93 சதவீதம் ஒருமுறைகூடக் கழுவப்படாதவை. அந்த ஆய்வு பிரஷைச் சோதிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் ஈரம் தங்கும் இடத்தில் கிருமி தங்கும் என்ற காரணம் இரண்டுக்கும் பொது. கல்யாண வேலையில் நிலைமை இன்னும் சிக்கல். மாலை வரவேற்புக்கு மணப்பெண், அம்மா, நாத்தனார், தோழி என்று நாலைந்து முகம். இரவு பத்து மணிக்கு மேல் பெட்டியை மூடினால், விடிகாலை மூன்று மணிக்கு முகூர்த்த அலங்காரத்துக்கு மறுபடி திறக்க வேண்டும். மழை மாதத்தில், மலையடிவார மண்டபத்து அறையிலும், கழுவிய அடர்த்தியான பவுடர் பிரஷ் அந்த ஐந்து மணி நேரத்தில் காயவே காயாது. மேலே தொட்டால் உலர்ந்ததுபோல இருக்கும். வளையத்தை ஒட்டிய அடிப்பகுதியைப் பிதுக்கினால் விரலில் ஈரம் ஒட்டும். நிமிர்த்தி வைத்தால் நீர் வளையத்துக்குள் இறங்கிப் பசையை இளக்கும், மரப்பிடி ஊறி வெடிக்கும். ஹேர் டிரையரைக் காட்டினாலும் பசை இளகும், இயற்கை முடி பொருபொருத்துப் போகும். தண்ணீரைத் தானே உறிஞ்சிக்கொள்ளும் இயற்கை முடி, செயற்கை இழையைவிட மெதுவாகத்தான் காயும். ஆக, விலை உயர்ந்த ஆட்டு முடி பிரஷ் இந்த வட்டாரத்தில் எந்த நேரத்தில் மிகவும் தேவையோ அந்த நேரத்தில் ஒன்று அழுக்காக இருக்கும், அல்லது ஈரமாக இருக்கும்.

ஆல்கஹால் ஸ்பிரே அடித்துத் துடைத்தால் ஒரு நிமிடத்தில் தயார் என்பார்கள். முகத்துக்கு முகம் மாறும்போது அது அவசியம்தான், அதை விடக் கூடாது. ஆனால் அது நுனியைச் சுத்தம் செய்கிறதே தவிர, கட்டின் நடுவில் கெட்டிப்பட்ட கிரீமை எடுப்பதில்லை. அடிக்கடி அடித்தால் இயற்கை முடியின் மென்மையும் போய்விடும். எந்த மென்மைக்காகக் கூடுதல் பணம் கொடுத்தோமோ அதையே அந்தப் பராமரிப்பு அழிக்கிறது. இதற்கு ஒரே வழி எண்ணிக்கை. 6,000 ரூபாயில் உயர்ந்த பிரஷ் இரண்டு வாங்கலாம். நடுத்தர செயற்கை பிரஷ் பன்னிரண்டு, அதாவது ஆறு ஆறாக இரண்டு முழு செட் வாங்கலாம். வரவேற்புக்கு ஒரு செட், முகூர்த்தத்துக்கு ஒன்று; முதல் செட் ஊருக்குத் திரும்பிய பிறகு நிதானமாகக் காயட்டும். மணப்பெண்ணின் தோலுக்கு இந்த இரண்டாவது செட் செய்யும் நன்மையை எந்தக் குமானோ பிரஷும் ஒற்றையாக நின்று செய்துவிட முடியாது.

உயர்ந்த பிரஷ் பத்து வருஷம் உழைக்கும், முகத்துக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் அதுதான் மலிவு என்ற வாதம் வலுவானது. அதைக் கணக்காகவே எடுத்துக்கொள்வோம். வருஷத்துக்கு அறுபது கல்யாணம், கல்யாணத்துக்கு ஐந்து முகம் என்றால் 300 முகம். பத்து வருஷத்தில் 3,000 முகம். ஒரு முகத்துக்கு ஒரு ரூபாய்தான் விழுகிறது. தொழில் நன்றாக நடக்கும் கலைஞருக்கு இது மறுக்க முடியாத கணக்கு. ஆனால் அதே கணக்கில் 450 ரூபாய் பிரஷ் ஒன்றரை வருஷம் வந்தாலும் 450 முகம்; ஒரு முகத்துக்கு அதே ஒரு ரூபாய்தான். இரண்டும் சமம் என்றால், ஒரு பிரஷ் தொலைந்தாலோ மண்டபத்தில் யாராவது எடுத்துக்கொண்டு போனாலோ நஷ்டம் குறைவான பக்கம் எது என்று பார்க்க வேண்டியதுதான். வருஷத்தில் நாலு விசேஷத்துக்கு மட்டும் தானே மேக்கப் போட்டுக்கொள்ளும் பெண்ணுக்கோ பத்து வருஷத்திலும் நாற்பது முகம்தான்: ஒரு தடவைக்கு 75 ரூபாய். அவருக்கு அது எந்தக் கணக்கிலும் சரிப்படாது. நீண்ட உழைப்பு என்ற வாக்குறுதியும் பிரஷின் தரத்தை மட்டும் பொறுத்ததல்ல. உலரும் இடம் இருந்தால்தான் அது பலிக்கும்.

இன்னொரு வாதம் சந்தையைப் பற்றியது, அதைச் சொல்லும் கலைஞர்கள்மேல் எனக்கு அனுதாபம் உண்டு. பெட்டியில் வெளிநாட்டு பிராண்ட் இருந்தால்தான் கல்யாண வீட்டார் கேட்ட பேக்கேஜ் தொகையைக் கொடுக்கிறார்கள் என்கிறார்கள். உண்மையாகவே இருக்கலாம். அப்படியானால் அது கருவிச் செலவல்ல, விளம்பரச் செலவு. கடைப் பலகைக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் ஒதுக்கும் கணக்கில் அதை எழுதட்டும், வேலையின் தரம் என்ற கணக்கில் எழுத வேண்டாம். தொழிலுக்குப் புதிதாக வரும் பெண் கடன் வாங்கி இந்தப் பகட்டை வாங்குகிறாள் என்பதால்தான் இந்தப் பிரிவினையை வற்புறுத்துகிறேன்.

விலை கூடினால் நேர்மையான தயாரிப்பாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. இந்தியாவில் கீரி முடி பிரஷ்களின் கதை அதற்கு நேர் எதிர். அவை பெரும்பாலும் ஓவியர்களுக்கானவை; தரமானவை என்ற பெயரே அந்த விலங்குக்கு எமனானது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கீரியைக் காக்கிறது. அந்த முடியை வாங்குவது, விற்பது, வைத்திருப்பது குற்றம். ஆனாலும் 2019இல் வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பணியகம் ‘ஆபரேஷன் கிளீன் ஆர்ட்’ என்ற பெயரில் பல மாநிலங்களில் சோதனை நடத்தியபோது ஆயிரக்கணக்கான கீரி முடி பிரஷ்கள் சிக்கின. உத்தரப் பிரதேசத்தின் ஷேர்கோட் இந்தத் தொழிலின் மையங்களில் ஒன்று. மேக்கப் பிரஷின் உறையிலும் ‘இயற்கை முடி’ என்று மட்டும் போட்டிருந்தால் எந்த விலங்கு என்று வாங்குபவருக்கு எப்படித் தெரியும்? பெரிய பெயரை நம்பலாமே என்று கொடைக்கானலில் சொல்வது கடினம். அழகுசாதனத்தில் புகழ்பெற்ற பாண்ட்ஸ் நிறுவனம் அமெரிக்காவின் வாட்டர்டவுனில் இருந்து 1980களில் இங்கே கொண்டுவந்த தெர்மாமீட்டர் ஆலை, பின்னால் இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் முஞ்சிக்கல் பகுதியின் பழைய சாமான் கடையில் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு 2001இல் ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு ஏற்பட 2016 ஆனது. பிரஷுக்கும் பாதரசத்துக்கும் சம்பந்தமில்லை; பிராண்ட் பெயர் பொருளின் பின்னால் நடப்பதற்கு உத்தரவாதம் ஆகாது என்பதற்கு இந்த ஊரைவிடப் பக்கத்தில் சாட்சி கிடையாது என்பதால் சொல்கிறேன். உறையில் விலங்கின் பெயர் இல்லாத முடி பிரஷை, என்ன விலையானாலும், வாங்கக் கூடாது.

கைத்திறன் இருந்தால் எந்த பிரஷும் போதும் என்பாரும் உண்டு. கதகளிக் கலைஞர்கள் தென்னை ஈர்க்கினால் முகத்தில் இழுக்கும் கோடுகளைப் பார்த்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள். ஆனால் இந்த உண்மையை வைத்துப் பயிற்சியில் இருக்கும் பெண்ணுக்கு 300 ரூபாய் செட்டை வாங்கிக் கொடுப்பது தவறு. கை பழகியவர் கெட்ட பிரஷின் குறையை அழுத்தம் மாற்றிச் சரிக்கட்டிவிடுவார். பழகாதவளுக்குத் தவறு தன் கையிலா பிரஷிலா என்றே தெரியாது. நல்ல கருவி தேர்ந்தவரைவிடக் கற்பவருக்கே அதிகம் தேவை. அவள் 5,000 ரூபாய் வைத்திருந்தால், அடர்ந்த ஃபவுண்டேஷன் பிரஷ் இரண்டு, கண்ணுக்கு நாலு, பவுடருக்கு இரண்டு, எல்லாம் செயற்கை இழையில், ஒன்று 450 ரூபாய் அளவில் வாங்கட்டும், 3,600 ஆகும். மீதியில் ஆல்கஹால், மென்மையான ஷாம்பு, பிரஷைத் தலைகீழாகத் தொங்கவிட்டுக் காயவைக்கும் ஸ்டாண்டு. பயிற்சி வகுப்புகள் தரும் சாமான் பட்டியலில் கடைசியாகச் சொன்ன மூன்றும் முதல் வரியில் இருக்க வேண்டும். வருஷத்துக்கு நூறு மணப்பெண்ணைப் பார்க்கும் நிலைக்கு வந்து, மதுரையிலோ திண்டுக்கல்லிலோ வெயில் படும் மாடி ஒன்றும் வாய்த்த பிறகு, பவுடருக்கு மட்டும் கையால் அடுக்கிய ஆட்டு முடி பிரஷ் ஒன்றை அவள் 3,000 கொடுத்து வாங்கினால் அதை நான் வீண் செலவு என்று சொல்ல மாட்டேன்.