நூற்பு இயந்திரத்தின்மேல் ஒரு புத்தகம்

கடல்கடந்த அருட்பணிக்கு ஆயத்தமாவதைப்பற்றி நம் சபைகளில் பேசப்படும்போதெல்லாம் தவறாது எடுத்தாளப்படும் பக்கங்கள் சில உண்டு. டேவிட் லிவிங்ஸ்டன் 1857-இல் வெளியிட்ட தென்னாப்பிரிக்கப் பயண நூலின் முன்னுரைப் பக்கங்களே அவை. 1830-இல் கோவையில் பணி தொடங்கிய லண்டன் மிஷன் சங்கமே பின்னர் அவரையும் அனுப்பிற்று. ஆதலால் அவர் நமக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். மேலும், நாம் ஊழியம் செய்யும் மண்ணரை, பனியன் தொழிலை நம்பி வாழும் ஊர். பஞ்சாலையிலிருந்து புறப்பட்ட மிஷனெரியின் கதை இங்கே எளிதில் செவியேறும். ஆகவே அப்பக்கங்களைச் சற்று நிதானித்து ஆராய்வது நம் கடன்.

பத்து வயதில் பிளாண்டயர் பஞ்சாலையில் அறுந்த நூலை இணைக்கும் சிறுவனாகச் சேர்ந்த லிவிங்ஸ்டன், முதல் வாரக் கூலியின் ஒரு பகுதியைக்கொண்டு இலத்தீன் இலக்கண நூலொன்றை வாங்கினார். காலை 6 மணி முதல் இரவு 8 மணி வரை ஆலை. பின்பு 10 மணி வரை இரவுப் பள்ளி. அதன்பின் நள்ளிரவு வரை அகராதி. பகலில் நூற்பு இயந்திரத்தின்மேல் புத்தகத்தை வைத்து, அதனைக் கடந்து செல்லுந்தோறும் ஒவ்வொரு வாக்கியமாகப் படித்தார். வாலிபரானபின் கோடையில் ஆலையில் உழைத்து, அக்கூலியைக்கொண்டு குளிர்காலத்தில் கிளாஸ்கோவில் மருத்துவமும் கிரேக்கமும் இறையியலும் கற்றார். செல்ல விரும்பியது சீனா. அபினிப் போர் தடையாயிற்று. 1840 டிசம்பரில் ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறினார்.

இப்பகுதியின் சிறப்பு, அதில் தன்னிரக்கம் இல்லாமையே. மீண்டும் வாழ்வைத் தொடங்க நேரினும் அக்கடும் பயிற்சியையே விரும்புவேன் என்கிறார் ஆசிரியர். அன்றாடத் தொழில் அழைப்புக்குத் தடையன்று என்பதற்கு இது நல்ல சான்று. கூடாரத் தொழிலாளியான பவுலை அறிந்த நமக்கு இது புதிதுமன்று.

ஆயினும் ஒரு குறையைச் சுட்டாதிருக்க இயலாது. இங்கே ஆயத்தம் என்பது தனியொருவன் தன் நேரத்தின்மேல் அடையும் வெற்றியாகவே சித்திரிக்கப்படுகிறது. அச்சித்திரத்தில் ஓரிடத்தில் மட்டும் வீடு எட்டிப்பார்க்கிறது: நள்ளிரவுக்குமேலும் படிக்கும் மகனிடமிருந்து தாய் பாய்ந்து வந்து புத்தகத்தைப் பறிக்கிறாள். ஆசிரியர் இதை வேடிக்கையாய்ச் சொல்லிக் கடந்துவிடுகிறார். நமக்கோ முன்னுரையில் மிக உண்மையான வரி இதுவே எனத் தோன்றுகிறது.

பின்வரும் பகுதிகளிலும் இதே போக்கு. மனைவி மேரி சுமந்த வீட்டுப் பாரத்தை நூல் மறைக்கவில்லை. ஆனால் சில வரிகளில் முடித்துவிடுகிறது. 1852-இல் அவரையும் நான்கு பிள்ளைகளையும் கேப் டவுனில் கப்பலேற்றியபோது இரண்டாண்டில் சேர்வதாக வாக்களித்தார். சேர்ந்தது 1856 டிசம்பரில். அவ்விடைக்காலத்தில் மேரி நிலையான வீடின்றி வறுமையில் அலைந்தார். பிள்ளைகளோடு விளையாட நேரம் ஒதுக்காததைக் குறித்து லிவிங்ஸ்டனே பிற்காலத்தில் வருந்தி எழுதினார். மேரியோ 1862-இல் சாம்பெசி நதிக்கரையில் மரித்தார்.

இதை நாமும் தாமதமாகவே கற்றோம். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கும் இளைஞர் ஒருவர் வெளிநாட்டு ஊழியத்துக்கு ஆயத்தமாக வேண்டுமென்று வந்தார். ஒன்றரை ஷிப்டு முடித்து இரவில் வீடு திரும்புகிறவர் அவர். அவருக்கு லிவிங்ஸ்டனின் கதையைச் சொல்லி, அஞ்சல்வழிப் பாடங்களையும் கொடுத்து அனுப்பினோம். சில மாதங்களில் அவருடைய தமக்கையார் வந்தார். அவரும் அதே கம்பெனியில் செக்கிங் வேலை செய்பவர். “ஐயா, தம்பி படிக்கிறது சந்தோசந்தானுங்க. ஆனா தண்ணி புடிக்கிறது, சோறாக்கறது, அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது எல்லாம் நானேதானுங்க. எனக்கும் அதே ஒன்றரை ஷிப்டுதானுங்களே?” என்றார். நம்மிடம் விடை இல்லை. அக்கதையைப் பலகாலம் நாம் இயந்திரத்தோடு நிறுத்தியே பிரசங்கித்திருந்தோம்.

தாய் தந்தையர்க்குரியதைக் கொர்பான் என்று சொல்லித் தப்புவோரை ஆண்டவர் கடிந்ததை மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அழைப்பும் கொர்பான் ஆகக்கூடும். வீட்டாரின் உழைப்பை எண்ணாமல் செலவிட்டவன், அயல்நாட்டிலும் பிறருடைய உழைப்பை அவ்வாறே செலவிடுவான் என அஞ்சுகிறோம்.

ஆதலால் உடன் ஊழியர்க்கும் மாணாக்கர்க்கும் நாம் சொல்வது இது: லிவிங்ஸ்டனை வாசியுங்கள், ஆனால் தாய் புத்தகத்தைப் பறிக்கும் இடத்தில் நின்று வாசியுங்கள். ஊழியத்துக்கு ஒருவரைத் தெரிந்துகொள்ளுமுன் அவர் வீட்டுக்குச் சென்று, அங்கே பாரம் சுமப்போரிடமும் கேளுங்கள். அந்தியோகியாவில் பவுலையும் பர்னபாவையும் அனுப்பியது சபை; எனவே அனுப்பப்படுகிறவரின் வீட்டுப் பாரத்திலும் சபைக்குப் பங்குண்டு. அவ்விளைஞர் இப்போது ஞாயிறு மாலையில் மட்டும் பாடம் படிக்கிறார்; தாயாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும் அவரே. பக்கத்து இயந்திரத்தில் தைக்கும் ஒடிசாத் தோழரிடம் ஒடியா மொழியும் கற்கிறார். ஆயத்தம் மெல்லத்தான் நடக்கிறது, ஆயினும் நடக்கிறது.